எண்ணூரின் லேலண்ட் காமெட் லாரிகள்

வியாசர்பாடியில் எழுபதைக் கடந்த லாரி ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 'காமெட்' என்ற பெயர் தானாக வந்து விழும். வால்மீன் என்று பொருள். பீவர், ஹிப்போ என்று விலங்குப் பெயர்களையும் தன் லாரிகளுக்குச் சூட்டிய இங்கிலாந்து நிறுவனம் லேலண்ட்.

1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1950இல் லேலண்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது; காமெட் வந்தது. 1955இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. 'அசோக்', சரணின் மகன் பெயர்.

அக்கால லாரிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. கியரைக் குறைக்க, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துத்தான் போட வேண்டும். இதுவே 'டபுள் கிளட்ச்'. தவறினால் பல்சக்கரம் அலறும்.

லங்காஷயரின் லேலண்ட் நகரில் 1983 முதல் வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அங்கு காக்கப்படுவது நம் காமெட் அன்று. இங்கே லாரி பெரும்பாலும் சேசிஸாகவே விற்கப்பட்டது. மரக் கேபினும் பாடியும் உள்ளூர்த் தச்சர் கைவேலை. ஓட்டம் ஓய்ந்ததும் இரும்பு எடைக்குப் போனது, மரம் விறகானது.

இப்பகுதி முதியவர் ஒருவரிடம் டபுள் கிளட்ச் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்தபடியே இடது காலைத் தரையில் இருமுறை அழுத்திக் காட்டினார்.