தங்கவயல் பிள்ளைகளும் 'கிருதி சம்புட'வும்

தங்கவயலில் ஒண்ணாம் வகுப்பு படித்த என் வயதுக்காரர்களுக்கு சிலேட்டு மறந்திருக்காது. எழுதுவோம், டீச்சர் பார்ப்பார், எச்சில் தொட்டு அழிப்போம். வருஷக் கடைசியில் மிஞ்சுவது மார்க் மட்டும்தான்.

இது பழைய கதை. 1862-ல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதை வைத்து மானியம். சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்து சேர்ந்தது. (வங்கிக்காரனான எனக்கு இது அப்படியே ஆடிட்! மார்ச் 31 பாக்கி சரியாக இருந்தால் போதும்.)

மாற்று வழி பிறந்தது நம்ம ஊருக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில், கிராமப் பள்ளிகளுக்காக பத்மநாப ராவும் ரமாவும் அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாக்கினார்கள். அதைப் பார்த்து வந்தவர்கள் 1995-ல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் 'நலி கலி'யைத் தொடங்கினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் தொடர் மதிப்பீடு வேண்டும் என்றது. அதன்பின் கர்நாடகப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'கிருதி சம்புட' வந்தது. பிள்ளை வரைந்த படம், முதன்முதலாக எழுதிய பெயர், தப்பாகப் போட்ட கூட்டல் எல்லாம் சேரும் கோப்பு அது.

சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் பெரும்பாலும் கன்னடமோ இங்கிலீஷோ. 'பெக்கு' எது என்று கேட்டால் புதிதாகச் சேர்ந்த பிள்ளை முழிக்கும். மார்க்கில் அது பூஜ்யம். அதே பிள்ளை மீசையோடு ஒரு பூனையும், பக்கத்தில் மூன்று குட்டிகளும் வரைந்து வைத்திருந்தால்? பூனையும் தெரியும், எண்ணவும் தெரியும், தெரியாதது ஒரு கன்னடச் சொல் மட்டும்தான் என்று டீச்சருக்குப் புரிந்துவிடும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அப்பா அம்மாவுக்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்ட அது ஒன்று போதும்.

ஆனால் ஒரே டீச்சர் மூன்று வகுப்பைப் பார்க்கும் இடத்தில் கோப்பைப் புரட்ட நேரம் ஏது? அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அவசரமாக நிரப்பினால் அதுவும் ஆடிட் ஃபைல்தான்.

இங்கே நியூசிலாந்தில் பாலர் பள்ளிகள் மார்கரெட் கார் வகுத்த 'கற்றல் கதை'களை இப்படித்தான் சேர்த்து வைக்கின்றன. உங்கள் பிள்ளையின் கோப்பு பள்ளியில் இருந்தால், வீட்டில் தமிழில் எழுதிய ஒரு தாளையும் தேதி போட்டு அதில் வைக்கச் சொல்லுங்கள். டீச்சருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையே படித்துக் காட்டட்டும்.