'ஐ'யா, 'மீ'யா?

சென்ற ஆண்டு, எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்திக் கொண்டிருந்தேன். அம்மா தன்னையும் தங்கையையும் அழைத்தார் என்று சொல்ல வந்தவள், "மை மதர் கால்ட் மை சிஸ்டர் அண்ட் ஐ" என்று எழுதியிருந்தாள். 'மீ' என்றல்லவா வரவேண்டும் என்று கேட்டேன். "'மீ' என்று எழுதினால் நீங்கள் சிவப்புக் கோடு போடுவீர்களே, ஐயா" என்றாள்.

அவள் சொன்னது மெய். கதவைத் தட்டியவர் யார் என்ற வினாவுக்கு "இட் ஈஸ் மீ" என்று எழுதியவர்க்கெல்லாம் நான் கோடு போட்டதுண்டு. "இட் ஈஸ் ஐ" என்பதே சரி என்று ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எனக்கும் அவ்வாறே கோடு விழுந்தது. நான் போட்ட கோடே இப்புதுப் பிழைக்குத் தாயாயிற்று. அக்கோடு எங்கிருந்து வந்தது என்பதை ஈண்டு நோக்குவோம்.

தமிழில் எழுவாயையும் செயப்படுபொருளையும் வேற்றுமை உருபு பிரித்துக் காட்டுகிறது. 'வேடன் புலியைக் கொன்றான்' என்றாலும் 'புலியை வேடன் கொன்றான்' என்றாலும் இறந்தது புலியே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்கள் ஈறு மாறி வேற்றுமை உணர்த்தின. நாளடைவில் இறுதி அசைகளின் ஒலி தேய்ந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆட்சியும் எழுத்தும் பிரெஞ்சு, இலத்தீன் மொழிகளின் கைக்குப் போயின. பழைய எழுத்து மரபைக் காப்பார் குறைந்தனர். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஈறுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. உருபு செய்த வேலையை இடம் செய்யலாயிற்று. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள்.

மூவிடப்பெயர்கள் மட்டும் இரட்டை வடிவத்தை விடவில்லை. 'ஐ' 'மீ', 'ஹீ' 'ஹிம்', 'வீ' 'அஸ்' என அவை இன்றும் நிற்கின்றன. எனினும் அவையும் மாறாதவை அல்ல. முன்னிலைப் பன்மையில் 'யீ' என்பது எழுவாய். 'யூ' என்பது செயப்படுபொருள். 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியம் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காத்தது. ஆனால் மக்கள் பேச்சில் அதற்கு முன்பே 'யூ' எழுவாயின் இடத்தில் அமர்ந்துவிட்டது. இன்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் "யூ ஆர்" என்ற தொடர், பழைய கணக்கின்படி பிழையே! அதற்கு எவரும் கோடு போடுவதில்லை.

'இட் ஈஸ் ஐ' என்பதும் தொன்றுதொட்டு வந்த வடிவம் அன்று. பழைய ஆங்கிலத்தில் 'நான் அது ஆவேன்' என்னும் பொருள்பட, 'நான்' என்பதற்கு இயைந்த வினையே வந்தது. 14ஆம் நூற்றாண்டில், சாசர் வாழ்ந்த காலத்தில், 'இட் ஆம் ஐ' என்றனர். பின்னர் வினை 'இட்' என்பதற்கு இயைந்து 'இட் ஈஸ் ஐ' ஆயிற்று. வினைக்குப் பின் நிற்பது செயப்படுபொருள் என்னும் பழக்கம் வேரூன்றவே, 16ஆம் நூற்றாண்டில் 'இட் ஈஸ் மீ' தோன்றியது.

18ஆம் நூற்றாண்டில் இலக்கண ஆசிரியர் இதில் தலையிட்டனர். இராபர்ட் லௌத் என்னும் சமயப் பெரியார் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில், 'பீ' என்னும் வினைக்குப் பின் எழுவாய் வடிவமே வரவேண்டும் என்று விதித்தார். இலத்தீனின் நெறியும் அதுவே. அந்நாளில் கற்றோர் இலக்கணம் பயின்றதும் இலத்தீன் வழியாகவே. இலத்தீனின் மகளாகிய பிரெஞ்சோ, அதே இடத்தில் 'மீ' போன்ற 'முவா' என்பதை ஆள்கிறது! பின்னாளில் பிராணவாயு ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1761இல் ஓர் ஆங்கில இலக்கணம் வெளியிட்டவர். நல்ல எழுத்தாளரின் வழக்கே அளவுகோல் என்பது அவர் கொள்கை. 'இட் ஈஸ் மீ' என்பதற்கு அவர் இடம் தந்தார். ஆனால் பள்ளிகளில் வென்றது லௌத்தின் பக்கமே. லிண்ட்லி மரே 1795இல் எழுதிய பாடநூல் அவ்விதியைப் பல நாட்டு வகுப்பறைகளுக்குக் கொண்டு சென்றது. டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1894இல் வெளியிட்ட நூலில், இத்தகைய வேற்றுமை மாற்றங்கள் மொழியின் சீரழிவல்ல என்று காரணங்காட்டி விளக்கினார்.

எல்லாப் பழியையும் இலக்கண ஆசிரியர்மேல் சுமத்துவதும் முறையன்று. 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று வரவேண்டிய இடத்தில், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகக் கடிதம் ஒன்றில் 'ஐ' வந்துள்ளது. அது லௌத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. இரு பெயர்கள் 'அண்ட்' என்பதால் இணையும்போது செவி தடுமாறுவது பழைய இயல்பு. அத்தடுமாற்றத்தோடு கோட்டின் அச்சமும் சேர்ந்தால், பிள்ளை எங்கும் 'ஐ' எழுதித் தப்பிக்கப் பார்க்கிறது.

இப்போது அம்மாணவிக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறேன். தங்கையைச் சற்றே தொடரிலிருந்து நீக்கிவிட்டுப் படித்துப் பார். "மை மதர் கால்ட் ஐ" என்று எவரும் சொல்லார். "மை மதர் கால்ட் மீ" என்றே சொல்வர். தங்கை திரும்பி வந்தாலும் 'மீ' மாறாது. 'இட் ஈஸ் மீ' என்பதற்கு நான் இனிக் கோடு போடுவதில்லை. 'இட் ஈஸ் ஐ' என்பது மரபு பேணும் எழுத்துக்கு உரியது என்று மட்டும் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் நாம் போடும் கோடு, பிள்ளைக்கு இலக்கணத்தைக் கற்பிப்பதில்லை, அச்சத்தையே கற்பிக்கிறது. ஆசிரிய நண்பர்கள் சிந்திப்பார்களாக.