குப்பைமேடும் கணிதமும்: தெமட்டகொடை அயலை முன்வைத்து ஒரு சமூகவரலாற்று நோக்கு

1

பல்கலைக்கழக ஆய்வுகள் நடைமுறைப் பிரச்சினைகளுக்குப் பயன்படவேண்டும் என்னுங் கூற்று இன்று ஏறத்தாழ எல்லாத் தரப்பினராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்றாகும். எவரும் மறுக்காத கூற்றுக்களைச் சற்று ஐயத்துடன் நோக்குவது வரலாற்று மாணவனின் கடமைகளுள் ஒன்று. ‘நடைமுறைப் பிரச்சினை’ என்பது யாருடைய பிரச்சினை? அதனைப் பிரச்சினை என வரையறுப்போர் யாவர்? ஆய்வின் முடிவு எவர் கைக்கு, எம்மொழியிற் சென்றடைகின்றது? இவ்வினாக்களை எழுப்பாதவிடத்து மேற்படி கூற்று வெறுஞ் சம்பிரதாய வார்த்தையாகவே எஞ்சும்.

கல்வி, கைத்தொழில், சூழல், கணிதம் ஆகிய நான்கும் ஒரே இடத்திற் சந்தித்த ஓர் உதாரணத்தின்வழி இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுதாரணம் தொலைவில் இல்லை. கொழும்பின் கிழக்கெல்லையிலே, புகையிரத இயந்திரக் கொட்டகையும் கால்வாயும் நெருங்கிய குடியிருப்புக்களும் கொண்ட தெமட்டகொடைக்கு அப்பால், கொலன்னாவைப் பகுதியைச் சேர்ந்தது மீதொட்டமுல்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், சிங்கள தமிழ்ப் புத்தாண்டுத் தினத்தன்று பிற்பகலில், அங்கிருந்த குப்பைமேடு சரிந்து குடியிருப்புக்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன அல்லது சேதமுற்றன. கொழும்பு நகரம் கழித்துவிட்ட பொருள், அந்நகரத்திலே மிகக் குறைவாக நுகர்ந்தோரின் கூரைமீது விழுந்தது எனலாம்.

2

முதலிற் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். ‘குப்பை’ என்னுஞ் சொல் பழந்தமிழிலே இழிபொருள் கொண்டதன்று. குவியல், மேடு என்பனவே அதன் பொருள்; நெற்குவியலும் குப்பையே, மணிக்குவியலும் குப்பையே. பிற்காலத்திற் கூட்டித் தள்ளியவற்றின் குவியலை அது சிறப்பாகக் குறிக்கலாயிற்று. ஆயினும் கமக்காரனின் வழக்கில் அச்சொல் எருவையும் குறித்தே நின்றது. வீட்டிலும் தொழுவத்திலும் கழிந்தவை குப்பையாகிக் குவிந்து, மக்கி, வயலுக்குச் சென்றன. வயலில் விளைந்தது வீட்டுக்கு வந்தது. குவியல், கழிவு, எரு என்னும் மூன்று பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருந்தமை, உற்பத்தியும் நுகர்வும் ஒரே நிலத்தில் வட்டமாகச் சுழன்ற சமுதாயமொன்றின் பதிவாகும்.

இவ்வட்டம் அறுந்தமையே நவீன நகரத்தின் வரலாறு. 1840இல் வேளாண் இரசாயனம் பற்றிய தமது நூலை வெளியிட்ட ஜேர்மனிய விஞ்ஞானி லீபிக், மண்ணிலிருந்து பயிர் எடுக்கும் சத்துக்கள் மண்ணுக்குத் திரும்பவேண்டியதன் அவசியத்தை வற்புறுத்தினார். லீபிக்கைக் கவனமாகப் பயின்ற மார்க்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திலே, மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையே நிகழ்ந்த பொருட்பரிமாற்றத்தை முதலாளித்துவ உற்பத்திமுறை குலைத்துவிடுவதை எடுத்துக்காட்டினார். கிராமத்து மண் வளமிழக்க, அதே சத்துக்கள் இலண்டன் நகரத்துத் தேம்ஸ் நதியை நஞ்சாக்கிய முரண்பாட்டை மூன்றாம் பாகத்திலே அவர் சுட்டியுள்ளார். கொழும்பின் கழிவிலே பாதிக்கு மேற்பட்டது மரக்கறி, உணவு முதலிய மக்கக்கூடிய பொருளே என்பதை நினைவிற்கொண்டால், தேம்ஸ் பற்றிய அவதானிப்பு எமக்கு அந்நியமானதன்று என்பது புலனாகும். மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களின் வளம் கொழும்புச் சந்தை வழியாகச் சதுப்பு நிலமொன்றிலே மலையாகக் குவிந்தது.

3

அடுத்து, இடத்தின் வரலாறு. மீதொட்டமுல்லைக்கு முன்னர் கொழும்பின் கழிவைத் தாங்கியது கொட்டாஞ்சேனையை அடுத்த புளுமெண்டால். ஒல்லாந்த மொழியில் அப்பெயருக்குப் பூக்களின் பள்ளத்தாக்கு என்பது பொருள். துறைமுகத்தை அண்டிப் பிழைத்த தொழிலாளரும் சிறுவியாபாரிகளும் வாழ்ந்த வடகொழும்பிலே அப்பள்ளத்தாக்கு குப்பை மலையாயிற்று. 2009இல் உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து அங்கு குப்பை கொட்டுவது நிறுத்தப்பட, நகரத்தின் கழிவு மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. அந்நிலத்துக்கு வழங்கிய சிங்களப் பெயரிலே வயலைக் குறிக்கும் ‘கும்புர’ என்னுஞ் சொல் இருந்தமை கவனத்துக்குரியது. வயலும் சதுப்பும் வெள்ளநீரை ஏந்திக்கொள்ளும் பள்ளமுமாக இருந்தவிடத்தில், முதலிற் சிறிய நிலப்பரப்பிலே தொடங்கிய மேடு ஏறத்தாழ இருபது ஏக்கர் வரை விரிந்தது. நாளொன்றுக்குச் சுமார் 700, 800 தொன் கழிவு அங்கு சென்றதாகக் கணிக்கப்பட்டது. அயலிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாகிய வறிய மக்கள் வாழ்ந்தனர். துர்நாற்றம், ஈ, நோய், வெள்ளம் ஆகியவற்றை எதிர்த்துப் பல ஆண்டுகள் அவர்கள் போராடினர்.

அனர்த்தத்தின் பின்னர் நடந்ததென்ன? கழிவு வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டது. புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டிலே, முன்னர் சுண்ணக்கல் அகழப்பட்ட நிலத்துக்குக் கொழும்பின் கழிவைக் கொண்டுசெல்லுந் திட்டம் முன்னெடுக்கப்பட, புத்தளத்து மக்கள் 2018இலும் அதன் பின்னரும் அதனை எதிர்த்து எழுந்தனர். கொட்டாஞ்சேனை, மீதொட்டமுல்லை, அருவக்காடு என இவ்வரிசையை நோக்கும்போது, 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகள் நினைவுக்கு வருகின்றன. நகரத்தின் அழுக்கும் நெருக்கமும் முதலாளித்துவத்தின் கீழ் தீர்க்கப்படுவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தப்படுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. நகர்த்தப்படும் திசையும் தற்செயலானதன்று. எதிர்ப்புக்குரல் மிகக் குறைவாக மதிக்கப்படும் இடம் எதுவோ அதுவே மிகப் பொருத்தமான இடமாகத் தெரிவுசெய்யப்படுகின்றது.

4

இனி, இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். இவ்வனர்த்தம் அறிவின் குறைபாட்டினால் நிகழ்ந்ததா?

குப்பைமேடொன்று நிற்குமா, சரியுமா என்பது ஊழ்வினை பற்றிய வினாவன்று, கணித வினாவாகும். சரிவைத் தடுத்து நிற்கும் விசையைச் சரிவைத் தூண்டும் விசையாற் பிரிக்க வரும் எண்ணைப் பொறியியலாளர் பாதுகாப்புக் காரணி என்பர். அது ஒன்றுக்கு மேற்பட்டிருக்கும்வரை மேடு நிற்கும். ஒன்றை அணுக அணுக ஆபத்து நெருங்கும். குப்பை உயர உயரத் தூண்டும் விசை பெருகும். தடுக்கும் விசையோ அடியிலுள்ள மண்ணையும், அதன் துளைகளில் நிற்கும் நீரையும் பொறுத்தது. மேலேற்றப்பட்ட சுமையின் ஒரு பகுதியைத் துளைநீர் தாங்குகின்றது. எஞ்சியதே மண்மணிகளை ஒன்றோடொன்று அழுத்தி உராய்வு வலிமையைத் தருகின்றது. இவ்வுண்மையை 1920களிலே தெர்ஸாகி நிறுவினார். மக்கிய தாவரங்களும் சேறும் கலந்த கொழும்புத் தாழ்நிலம் போன்றதொரு நிலத்திலிருந்து நீர் மெதுவாகவே வெளியேறும். நீர் வெளியேறும் வேகத்தை விடச் சுமை ஏறும் வேகம் மிகுந்தால், மேடு வளர்கின்றது, நிலத்தின் வலிமை வளர்வதில்லை. மழை இவ்விடைவெளியை மேலும் அகலமாக்குகின்றது.

இத்துறையின் வரலாற்றிலே தமிழர் பெருமைப்படத்தக்க பெயரொன்று உண்டு. 1963இல் ‘ஜியோடெக்னிக்’ என்னும் ஆய்விதழில், ஈரக்களிமண் சுமையின்கீழ் எவ்வாறு இளகி உருமாறுகின்றது என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. மண்ணின் அமுக்கம், அதன் துளைவெளி, அது தாங்கும் வெட்டுவிசை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்காது ஒரே கணித அமைப்பினுள் இணைத்த சிந்தனைமரபின் அடிப்படைக் கட்டுரைகளுள் அது ஒன்றாகும். கேம்பிரிட்ஜிலே ஆய்வு செய்த அழகையா துரைராஜா, பேராதனைப் பொறியியற் பீடத்திற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் பணியாற்றி, 1988 முதல் 1994இல் மறையும்வரை போரின் கொடுமைக்கிடையே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். ஈரமண் எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதை உலகுக்குக் கற்பித்தோருள் ஒருவர் எம்மவர். அதே நாட்டின் தலைநகர அயலிலே, சதுப்பு நிலத்தின் மீது எத்தகைய அடித்தள அமைப்புமின்றி மலை எழுப்பப்பட்டது.

எனவே அறிவு இல்லாதிருக்கவில்லை. எச்சரிக்கையும் இல்லாதிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மணிலாவின் பயாதாஸிலும், 2005இல் இந்தோனேசியாவின் பண்டுங் நகர அயலிலும் குப்பைமேடுகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மீதொட்டமுல்லைக்கு ஒரு மாதம் முன்னர், 2017 மார்ச் 11இல், எதியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலே நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறே புதையுண்டனர். நான்கு இடங்களிலும் இறந்தோர் ஒரே வர்க்கத்தவர். இலங்கைப் பல்கலைக்கழகங்களும் வாளாவிருக்கவில்லை. ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்துடன் பேராதனைப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் இணைந்து, குப்பைமேடுகளிலிருந்து மாசு பரவுவதைத் தடுக்கும் நுட்பங்களை 2010களில் ஆராய்ந்தன. ஆய்வாளர் தனிமனிதர்களாகத் தவறினர் என்று கூறுவது எளிது, அது உண்மையுமன்று. ஆய்வு ஒரு பாதையிலும், குப்பை வண்டி மற்றொரு பாதையிலும் சென்றன என்பதே உண்மை.

5

இவ்விரு பாதைகளும் ஒன்றுசேர முடியாதனவா? ஜப்பானின் புகுவோகா நகரம் இதற்கு விடை தருகின்றது. அங்கே பல்கலைக்கழகமும் நகராட்சியும் இணைந்து, 1970களிலே கழிவு நிரப்பும் முறையொன்றை உருவாக்கின. அடித்தளத்திலே கற்களால் மூடிய துளையிட்ட குழாய்களைப் பதித்தனர். கழிவிலிருந்து வடியும் நீர் அவற்றின் வழியே உடனுக்குடன் வெளியேறியது. உள்ளே நொதித்தலால் எழும் வெப்பம் வெளிக்காற்றை அதே குழாய்கள் வழியே உள்ளிழுக்க, கழிவு காற்றோட்டத்துடன் விரைந்து மக்கியது. நாற்றமும் மெதேன் வாயுவும் குறைந்தன. விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவைப்படாத இம்முறை பின்னர் மலேசியா, சமோவா முதலிய நாடுகளிலும் கையாளப்பட்டது. இங்கு கவனிக்கவேண்டியது குழாயன்று, உறவுமுறையே. ஆய்வுக்கூடத்தின் வினாவை நகரத்தின் கழிவு நிர்ணயித்தது. நகரத்தின் நடைமுறையை ஆய்வுக்கூடத்தின் விடை மாற்றியது.

எமது நிலையில், விடை பெரும்பாலும் இயந்திரமாகவே இறக்குமதியாகின்றது. 2021இல் கெரவலப்பிட்டியிலே கழிவை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையம் தொடங்கப்பட்டது. அதனை முற்றாக நிராகரிப்பது நியாயமன்று. ஆயின் ஈரமிகுந்த உணவுக்கழிவை எரிப்பது, அதனுட் பொதிந்த நீரை ஆவியாக்குவதற்கே வெப்பத்தின் ஒரு பகுதியைச் செலவிடுவதாகும். மண்ணுக்குத் திரும்பவேண்டிய சத்து புகையும் சாம்பலுமாகப் போய்விடுகின்றது. அதே 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. தலைநகரிலே எரு எரிக்கப்பட, வயலிலே எருவின்றிக் கமக்காரன் தவித்தான். லீபிக் கண்ட வட்டத்தை ஆணையொன்றினால் ஒரே பருவத்தில் மீட்டுவிட இயலாது. கழிவை மூலத்திலேயே தரம்பிரிப்பது முதல் கூட்டெரு வயலைச் சென்றடைவது வரையான சமூக ஒழுங்கமைப்பு அதற்குத் தேவை.

6

இலக்கிய மாணவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வினவப்படலாம். ஆலப்புழையின் துப்புரவுத் தொழிலாளரை மையமாகக் கொண்டு தகழி சிவசங்கரப்பிள்ளை எழுதி 1947இல் வெளிவந்த ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். நகரத்தின் சுத்தம் என்பது சிலரின் மீது சுமத்தப்பட்ட உழைப்பு என்பதை அந்நாவல் கண்முன் நிறுத்தியது. விஞ்ஞானம் மேட்டின் சரிவை அளக்கின்றது. இலக்கியம் மேட்டின்கீழ் வாழ்பவரைக் காட்டுகின்றது. ஒன்றின்றி மற்றொன்று குறைபாடுடையது.

ஆயினும் மொழியாய்வாளருக்குரிய பணி இதனினும் நேரடியானது. பாதுகாப்புக் காரணி என்பது வகுத்தற் கணக்கு. துளைநீரின் அமுக்கத்தை உயர்தர வகுப்பு மாணவன் விளங்கிக்கொள்வான். பாடசாலை விஞ்ஞானத்தைப் பல தலைமுறைகளாகத் தாய்மொழியிலே கற்பித்துவரும் நாட்டிலே, இவற்றைச் சிங்களத்திலும் தமிழிலும் கூறவியலாது என்பதற்கு நியாயமில்லை. 1970களிலே பேராதனை அறிஞர் சிலர் ‘ஊற்று’ சஞ்சிகை வாயிலாக விஞ்ஞானத்தைத் தமிழிலே பரப்ப முயன்றனர். அம்மரபு எமக்கு முன்னுதாரணமாக உண்டு. எனினும் மண்ணாய்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே எழுதப்பட்டு, ஆங்கிலத்திலே விவாதிக்கப்பட்டு, ஆங்கிலத்திலே கோவைப்படுத்தப்படுகின்றன. மேட்டின் அடிவாரத்திலே சுவர் வெடிப்பதைக் கண்ட இல்லத்தரசிக்கு, தான் காண்பது கணிதம் எதிர்வுகூறும் ஓர் அறிகுறி என்பதை அறியும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அவர் எழுப்பிய குரல் முறைப்பாடாகவே பதியப்பட்டது, சான்றாகப் பதியப்படவில்லை.

இங்குதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஒரு பிரச்சினை நடைமுறைப் பிரச்சினையாவது, அதனை அனுபவிப்போர் ஆய்வின் பொருளாக மட்டுமன்றி, ஆய்வில் வினாத்தொடுக்கும் பங்காளிகளாகவும் அமையும்போதேயாம். அடிவாரத்து மக்களின் அவதானிப்புக்களைத் திரட்டுவதும், அம்மேட்டின் பாதுகாப்புக் காரணியை அவர்களது மொழியில் அவர்களது சுவரிலே எழுதி வைப்பதும் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டனவல்ல. துரைராஜாவின் சமன்பாடு தெமட்டகொடைக் கால்வாயோரத்து வீட்டிலே வாசிக்கப்படும் நாளிலேயே அது முழுமையாகப் பயன்பட்டதாகும்.