உறையும் உயிரும்

கோலாலம்பூரிலுள்ள பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரிலேயே செங்கல்லைத் தாங்கி நிற்கும் ஊர்ப்பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் விடுத்துச் செங்கல்லால் கட்டும் வழக்கம் வந்தது. அதற்கு வேண்டிய கல் இங்குள்ள சூளைகளில் வெந்தது. பின்னர் இரயில்வே வேலைக்கெனத் தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் இங்குக் குடியேறினர். 1951இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் இங்கு நிலைகொண்ட பின், பார்வையற்றோர் பலர் தொழில் பயின்று தம் காலில் நிற்கும் இடமாகவும் இஃது ஆயிற்று. பார்வை இழப்புக்குக் காரணம் பல. அவற்றுள் கருவிழிப்படலம் மங்கியதே காரணமாயின், இறந்தவர் ஒருவரின் தெளிந்த படலத்தைப் பொருத்திப் பார்வையை மீட்கக் கூடும். ஆனால் அப்படலம் கெடாமல் வந்து சேரவேண்டுமே!

கண்ணப்பர் தம் கண்ணை அகழ்ந்து அப்பியபோது இடையில் கலமும் வேண்டியிருக்கவில்லை, காலமும் வேண்டியிருக்கவில்லை. 1905இல், இன்றைய செக் நாட்டின் ஒலமோட்ஸ் நகரில் எடுவர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் முதன்முதலாகக் கருவிழிப்படல மாற்றத்தில் வெற்றி கண்டபோதும், அது காயமுற்ற சிறுவன் ஒருவனிடமிருந்து அப்போதே அகற்றிய கண்ணிலிருந்து எடுத்த படலமே. 1930களில் ஒடெஸ்ஸா நகரத்து விளாதிமிர் பிலாத்தொவ் இறந்தோர் கண்ணும் பயன்படும் என்று நிலைநாட்டினார். அன்று தொடங்கியது கலத்தின் கதை. ஈரம் காக்கும் சிறு கண்ணாடிக் குப்பிக்குள் கண்ணை வைத்து, குப்பியைப் பனிக்கட்டியில் இடுவர். அதன் ஆயுள் ஒருநாள், மிஞ்சினால் இரண்டுநாள். இலங்கையில் 1961இல் கண்தான சங்கம் கண்ட டாக்டர் ஹட்சன் சில்வா, 1964இல் முதன்முதலாகக் கடல் கடந்து சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியதும் இந்தக் கெடுவுக்குள்தான். விமானம் தாமதித்தால் கொடை வீண்!

கண்ணின் கலம் குப்பியாகவே இருந்த அந்நாளில், குருதியின் கலம் மாறத் தொடங்கியிருந்தது. உடலியலார் கணக்கில் குருதியும் ஒரு திசுவே. இங்குத் தமிழ்ச் சொல்லொன்றை நோக்குவது தகும். 'உறை' என்றால் மூடுவது, 'உறைதல்' என்றால் தங்குதல், கட்டிபடுதலும் உறைதலே. குருதியை உறையில் உறையச் செய்ய வேண்டும்; ஆனால் அஃது உறைந்துவிடக் கூடாது! அதற்கே சிட்ரேட் உப்பைச் சேர்ப்பர்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குருதி சென்றது கண்ணாடிக் குப்பியில். ரப்பர் மூடி, ரப்பர்க் குழாய். போருக்கு முன்னர் உலக ரப்பரில் பெரியதொரு பங்கு மலாயாவினுடையது என்பதால், பால்மரம் சீவிய தமிழர் உழைப்பும் அதில் கலந்திருத்தல் கூடும். குப்பி உடைந்தது, அதனுள் காற்றுக் குமிழி புகுந்தது, கழுவிக் கழுவிப் பயன்படுத்திய குழாய் நோயாளிக்குக் காய்ச்சல் தந்தது. போஸ்டன் அறுவை மருத்துவர் கார்ல் வால்டரும் வில்லியம் மர்பி என்பாரும் 1950ஐ ஒட்டிப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கில் பை செய்தனர். குருதி நிறைந்த பையைத் தரையிலிட்டு அதன்மேல் ஏறி நின்று வால்டர் அதன் உறுதியைக் காட்டினார் என்பர். கொரியப் போரில் அப்பை தன் தகுதியை மெய்ப்பித்தது. உறுதியினும் பெரிய பயன் ஒன்றுண்டு. பல பைகளைக் குழாயால் இணைத்துவிட்டால், வெளிக்காற்றுப் படாமலே செவ்வணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்துவிடலாம். ஒருவர் கொடை மூவர்க்கு ஆகும்.

ஆயினும் உறை வெறும் உறையாக இருப்பதில்லை. பி.வி.சி.யை நெகிழ்விக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. என்னும் பொருள் பையிலிருந்து கசிந்து குருதியில் கலப்பதை 1970இல் ஆய்வாளர் கண்டனர். அச்சம் எழுந்தது, அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அதே பொருள் செவ்வணுவின் மேல்தோலைக் காத்து அதன் ஆயுளை நீட்டுகிறது என்பதும் பின்னர்த் தெரியவந்தது. தட்டணுவின் வழக்கு வேறு. அதற்கு மூச்சு வேண்டும். காற்றை உள்ளே விடாத பையில் அது புளித்து மடியும். ஆகவே உயிர்வளியை உள்ளே விட்டுக் கரிவளியை வெளியே விடும் புதிய பிளாஸ்டிக்குகள் வந்தன. அதனால் தட்டணுவின் இருப்பு மூன்று நாளிலிருந்து ஐந்து நாளாயிற்று. இந்தியாவில் இக்கலையைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உள்நாட்டிலேயே உருவாக்கி, 1980களில் தொழிற்சாலைக்கு வழங்கியது. ஆனாலும் கண்ணாடிக் குப்பி அங்கு எளிதில் விடைபெறவில்லை.

உயிரோடிருக்க வேண்டாத திசுவுக்கு விதி தலைகீழ். எலும்புத் துண்டும், கண்ணின் மேற்பரப்புப் புண்ணுக்குப் போர்த்தும் பனிக்குடச் சவ்வும் உயிரற்றிருந்தாலும் வேலை செய்யும். இவற்றின் பை எதையும் உள்ளே விடலாகாது, கதிரைத் தவிர. கிளந்தான் மாநிலத்துக் குபாங் கிரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1991இல் தேசியத் திசு வங்கி அமைந்தது. இத்தகைய திசுவை உலர்த்தி அல்லது உறையவைத்து, பாலித்தீன் பை ஒன்றனுள் ஒன்றாக இட்டு, வாயை வெப்பத்தால் ஒட்டி, மூடிய நிலையிலேயே காமாக் கதிரில் காட்டுவர். வழக்கமான அளவு 25 கிலோகிரே. கிள்ளான் பள்ளத்தாக்கின் தென்புறத்தே பாங்கியில் அணுசக்தி நிலையத்தார் அமைத்த காமா ஆலை இப்பணிக்கு உதவியது. ஏன் பாலித்தீன்? கடுங்குளிரில் பி.வி.சி. நொறுங்கும்; கதிரில் நிறமும் மாறும். பாலித்தீன் இரண்டையும் தாங்கும். ஏன் பல பை? அறுவை அறையில் வெளிப்பையை ஒருவர் பிரிக்க, தூய உட்பையை மற்றவர் தூய கையால் எடுக்கலாம்.

கருவிழிப்படலத்துக்கு மட்டும் இந்த நெகிழும் பை பொருந்தவில்லை. அதன் பின்புறத்தே ஒற்றை வரிசையாக நிற்கும் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. படலம் மடங்கினாலே அவை மடியும். ஆதலால் 1974இல் மக்கேரி, காவ்மன் என்னும் இருவர் கலத்தை விட்டு, அதனுள் ஊற்றும் நீர்மத்தைத் திருத்தினர். முழுக்கண்ணை விடுத்துப் படலத்தை மட்டும் அந்நீர்மத்தில் இட்டால் நான்குநாள் தாங்கியது; பின்வந்த நீர்மங்கள் ஒரு வாரத்துக்கும் மேல் தாங்கின. 1986இல் பெட்டாலிங் ஜெயாவில் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் துன் உசேன் ஓன் கண் மருத்துவமனை எழுந்தபோது, அயல்நாட்டுக் கண் வங்கியின் படலமும் கெடாமல் வந்து சேர நாள் இருந்தது. இலங்கையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலேசியாவுக்கு அவ்வாறே படலங்கள் வந்துள்ளன, கையகலமும் இல்லாத கெட்டிக் குப்பியில்.