டிரங்குப் பெட்டியில் ஒரு பட்டாள நம்பர்

டெல்லிக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும் முதல் மாதத்திலேயே இந்தியா கேட்டுக்குப் போயிருக்கும். ஊரிலிருந்து யார் வந்தாலும் மறுபடி போவோம். ஐஸ்கிரீம், பலூன், ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான். அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தால் கல் முழுக்கப் பெயர்கள் இருப்பது தெரியும். 13,000-க்கும் மேல். 1921-ல் அடிக்கல் நாட்டி 1931-ல் திறந்த அந்த வளைவு, அடிப்படையில் முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் செத்தவர்களுக்கான நினைவுச் சின்னம். 1947-க்குப் பிறகு உயிர்விட்டவர்களுக்குப் பக்கத்திலேயே 2019-ல் தேசியப் போர் நினைவகம் வந்தது. அமர் ஜவான் ஜோதியையும் 2022 ஜனவரியில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

ரெண்டாம் உலகப் போரில் போனவர்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. இந்தியா கேட்டிலும் இல்லை, புதிய நினைவகத்திலும் இல்லை. 25 லட்சம் பேர், கட்டாயம் எதுவும் இல்லாமல் சேர்ந்தவர்கள். அதில் 87,000 பேர் வரை திரும்பவில்லை. அந்தப் பெயர்கள் எல்லாம் இம்பாலில், கொஹிமாவில், ரங்கூன் பக்கத்துத் தௌக்யானில், இத்தாலியின் காஸினோவில், சிங்கப்பூரில் இருக்கின்றன.

நம்மூர்க்காரர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பட்டாளம் என்றாலே சீக்கியர், கூர்க்கா என்று ஒரு நினைப்பு நமக்கே இருக்கிறது. அந்த நினைப்பை வளர்த்ததும் வெள்ளைக்காரன்தான். ‘போர்க்குணம் உள்ள சாதிகள்’ என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, 1920-களில் மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்களை ஒன்றொன்றாகக் கலைத்தான். 1939-ல் சண்டை வந்ததும் ஆள் போதவில்லை. தத்துவத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு 1940-களின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமெண்டைத் திரும்ப எழுப்பினான். பெங்களூரில் மதராஸ் ஸாப்பர்ஸ் மட்டும் எந்தக் காலத்திலும் கலையாமல் இருந்தது. அந்தப் படையாட்களை இன்றும் ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள், எந்த மாநிலத்துக்காரர் கூப்பிட்டாலும். அவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது, இறந்த பிறகு.

ஆனால் தமிழர்கள் அதிகம் இருந்தது துப்பாக்கி தூக்கும் படைகளில் அல்ல. லாரி ஓட்டுகிற, ரொட்டியும் அரிசியும் கொண்டுபோகிற ஆர்மி சர்வீஸ் கோர், ரோடு போடுகிற பயனீர் கோர், ஆஸ்பத்திரி, ஒர்க்‌ஷாப், இப்படிப்பட்ட இடங்களில். இதனால்தான் தேடுவது கஷ்டம். ரெஜிமெண்ட் வரலாறு என்று தடித் தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. லாரி டிரைவருக்கு யார் வரலாறு எழுதினார்கள்?

எங்கள் குடும்பக் கதையும் ஒரு லாரி டிரைவர் கதைதான்.

ஆரணிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவின் பெரியப்பா, எங்களுக்குப் பெரிய தாத்தா, 1940-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1941-ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம். ஒரு ஸ்டூடியோ போட்டோ அனுப்பினார். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. எழுபதே நாள். அதன் பிறகு ஊருக்கு ஒரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில் டைப் அடித்து. ஊரில் படிக்கத் தெரிந்தவர் ‘காணவில்லைன்னு போட்டிருக்கு’ என்றார். ‘செத்துட்டார்னு போடலியே?’ என்று பெரிய பாட்டி கேட்டாராம். போடவில்லை. 1946-ல் இன்னொரு கடிதம் வந்தது. அதிலும் ‘இறந்திருக்கக் கூடும் எனக் கருதப்படுகிறது’ என்றுதான். கருதுகிறவன் கருதிக்கொள்ளட்டும் என்று பெரிய பாட்டி விட்டுவிட்டார்.

தாலியைக் கழற்றவில்லை. திதி கொடுக்கவும் விடவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். போஸ் படையில் சேர்ந்துவிட்டார், பினாங்கில் வேறு குடும்பம் வைத்துவிட்டார், சயாம் ரயிலில் போனார், இப்படி. இதில் ரெண்டாவது கதைதான் அதிகம் பரவியது, கேட்கவா வேண்டும். மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போனவர் என்ற பெயர் எங்கள் வீட்டு மேல் நாற்பது வருஷம் இருந்தது. பெரிய பாட்டி 1987-ல் போனார், மஞ்சளும் குங்குமமுமாக, சுமங்கலியாகத்தான் எடுத்தார்கள்.

சரி, தேடின கதைக்கு வருகிறேன். இதே மாதிரி தேடுகிற குடும்பங்கள் டெல்லியில், பூனாவில், பம்பாயில் நிறைய இருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் வேண்டியது நம்பர். பெயரை வைத்துத் தேடினால் கடலில் ஊசி. நம்மவர்களுக்கு ஒரே பெயர், குடும்பப் பெயர் கிடையாது. கோவிந்தசாமி என்று ஒருவர் இருந்தால் அவரைக் குமாஸ்தா எந்த ஸ்பெல்லிங்கில் எழுதியிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் ‘ஐ’யா ‘ஒய்’யா, நடுவில் ஒரு ‘எஸ்’ஸா ரெண்டா? ஆனால் நம்பர் மாறாது. டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதில் இருக்கும். மெடல் இருந்தால் தட்டில் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். வட்ட மெடலின் விளிம்பிலும் நட்சத்திர மெடலின் பின்பக்கத்திலும் பெரும்பாலும் நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ரெண்டாம் போரில் இந்த மரியாதை கிடையாது, வெறும் மெடல்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் ஆட்களுக்கு அதிர்ஷ்டம். (பாதி மெடல் பாத்திரக் கடையில் போய்விட்டது என்பது வேறு விஷயம்.)

மெடலே ஒரு ஜாதகம் மாதிரி. பர்மா ஸ்டார் இருந்தால் அந்தப் பக்கம் போனவர். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் பாலைவனம். இந்தியா சர்வீஸ் மெடல் என்றால் பெரும்பாலும் உள்நாட்டிலேயே மூணு வருஷத்துக்கு மேல் இருந்தவர்.

மெடல் இல்லை, போட்டோதான் இருக்கிறது என்றால் சட்டையின் தோள்பட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். டிவிஷன் சின்னம் தைத்திருக்கும். கழுகு என்றால் 4-வது இந்திய டிவிஷன், ஆப்பிரிக்கா, இத்தாலி. கறுப்புப் பூனை என்றால் 17-வது, அம்பு என்றால் 7-வது, குத்துவாள் பிடித்த கை என்றால் 19-வது, சண்டைச் சேவல் என்றால் 23-வது. இந்த நாலும் பர்மா பக்கம். டிவிஷன் தெரிந்தால் எந்த வருஷம் எங்கே இருந்தார் என்பது தானாக வந்துவிடும், ஏனென்றால் டிவிஷன்களுக்கு வரலாறு இருக்கிறது, லாரி டிரைவருக்குத்தான் இல்லை.

திரும்பி வராதவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல். இது இணையத்தில் இலவசம். நம்பர் போட்டும் தேடலாம். இந்தியச் சிப்பாய்களுக்கு அதில் அப்பா பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை இருப்பது உண்டு. மாவட்டம் அந்தக் கால மாவட்டம் என்பதை மறக்காதீர்கள். தர்மபுரி 1965 வரை சேலத்தில். சிவகங்கை, விருதுநகர் எல்லாம் 1985-க்கு முன்னால் வேறு மாவட்டங்களில், பெரும்பகுதி ராம்நாடு. திருவண்ணாமலை 1989 வரை வடாற்காடு. எங்கள் ஆரணியும் அப்படித்தான். திருவண்ணாமலை என்று தேடினால் ஜன்மத்துக்கும் கிடைக்காது.

முதல் போர் என்றால் இதுவும் சிரமம். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், செத்த இந்தியர்களுக்குப் பாஸ்ராவில் நினைவகம் கட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர். இந்தியச் சிப்பாய்க்கு? இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை. நூறு வருஷம் கழித்து, 2021-ல், ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45,000-லிருந்து 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டவர்கள், அதில் பெரும்பாலோர் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும். பெயரே இல்லாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர். அதிகபட்சம் மூணரை லட்சம் வரைகூடப் போகலாம் என்கிறது அறிக்கை.

இதில் பஞ்சாபிகளைப் பார்த்து எனக்குப் பொறாமை. முதல் போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு ஊர் ஊராக, யார் யார் போனார்கள் என்று பதிவேடு எழுதி வைத்தது. 26,000 பக்கம், 3,20,000 பேர். லாகூர் மியூசியத்தில் ஏறக்குறைய நூறு வருஷம் யாரும் தொடாமல் கிடந்ததை லண்டன் பஞ்சாபிகளும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து கணினியில் ஏற்றி, 2021 நவம்பரில் முதல் மூணு மாவட்டங்களை வெளியிட்டார்கள். ஜலந்தர், லூதியானா, சியால்கோட். என் ஆபீஸ் சர்தார்ஜி ஒருவர் பத்தே நிமிஷத்தில் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எங்களுக்கு எட்டு வருஷம் ஆயிற்று :-)

எங்களிடம் இருந்தது அந்த 1946 கடிதம் மட்டும்தான். அத்தை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்திருந்தாலும் நம்பர் பிழைத்திருந்தது. ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டோம். சிப்பாய்களின் சேவை ஆவணம் லண்டனில் இல்லை, இந்தியாவில் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில்தான். லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருப்பது முக்கியமாக அதிகாரிகளின் ஆவணங்கள். நிறைய பேர் இதைத் தெரியாமல் லண்டனுக்குக் காசு கட்டுகிறார்கள். எங்களுக்குப் பதில் ரெண்டு வரியில் வந்தது, அந்த நம்பருக்குத் தாள் எதுவும் மிஞ்சவில்லை என்று.

டெல்லியில் இருப்பதால் ஒரு வசதி, ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். போஸ் படை சம்பந்தப்பட்ட கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் அங்கே கொடுத்தது. சனிக்கிழமை லீவு போக மற்ற லீவுகளை எல்லாம் அங்கே கரைத்தேன். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியர்கள் ஏறக்குறைய 45,000 பேர். 1942 பிப்ரவரி 17 அன்று ஃபாரர் பார்க் மைதானத்தில் அவர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஜப்பானிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் மோகன் சிங் பேசினார். கணிசமான பேர் சேர்ந்தார்கள், கணிசமான பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கூலி வேலைக்குக் கப்பலில் ஏற்றினார்கள். பட்டினி, மலேரியா, மேலே நேசநாட்டு விமானங்களின் குண்டு. நியூ கினியில் லே என்ற ஊரின் போர்க் கல்லறையில் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் கிடக்கிறார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றி நமக்குக் கொஞ்சமாவது தெரியும். இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. காப்பகத்தில் நான் பார்த்த பட்டியல்கள் எதிலும் பெரிய தாத்தா பெயர் இல்லை.

கடைசியில் ஆணையத்தின் பட்டியலில்தான் அகப்பட்டார். நம்பர் அதே நம்பர். பெயர் ஸ்பெல்லிங் கொலை. ஊர்ப் பெயர் படிக்கவே முடியாத கோலத்தில், ‘வடாற்காடு’ மட்டும் சரி. மனைவி பெயர் இருந்தது. தேதி: 1944 ஜூலை. இடம்: சிங்கப்பூர் நினைவகம். அதாவது கல்லறை இல்லை, சுவரில் பெயர் மட்டும்.

தேதி 1942 அல்ல, 1944. அப்படியானால் சரணடைந்த பிறகு ரெண்டரை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார், கைதியாக. மறுத்தாரா, சேர்ந்தாரா, எந்தத் தீவு என்பதை இந்த ஒரு வரி தீர்த்துவிடாது. ஆனால் பினாங்குக் குடும்பத்தைத் தீர்த்துவிட்டது.

அத்தைக்கு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, ‘அண்ணி இதைக் கேட்டிருந்தா தாங்கியிருக்க மாட்டாங்கப்பா’ என்றார் அம்மா பக்கத்தில் இருந்து. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ‘நாப்பது வருஷம் ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேச்சு வாங்குனதைத் தாங்கலியா? இதைத் தாங்கியிருப்பாங்க’ என்றார். ரெண்டு பேரில் யார் சொன்னது சரி என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

அப்பா பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த வாத்தியாரிடம் தேதியைக் கொடுத்தார். ஆடி மாதத் தேய்பிறைத் திதி வந்தது. செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆனவருக்கு முதல் திதி கொடுத்தோம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிராஞ்சிக்கு ரயிலில் போனான். குன்று மேல் விமானச் சிறகு மாதிரி ஒரு கட்டடம், 1957-ல் திறந்தது, தூண் தூணாக 24,000-க்கும் மேல் பெயர்கள். எந்தத் தூண், எந்த வரிசை என்பது பட்டியலிலேயே இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வெயிலில் அலைய வேண்டும். அவன் போட்டோ எடுத்து அனுப்பினான். கல்லிலும் அதே தப்பான ஸ்பெல்லிங்.

ஆதாரம் காட்டினால் ஆணையம் திருத்திக் கொடுக்கும். அந்தக் காலத்து ஆவணம் ஒன்று வேண்டும். எங்களிடம் இருப்பது 1946 கடிதம் ஒன்றுதான். எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே ஸ்பெல்லிங். இப்போது ஆரணித் தாலுகா ஆபீசில் பழைய பட்டாவில் பெயர் எப்படி இருக்கிறது என்று அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார்.