தனியார் பள்ளி அங்கீகார மேல்முறையீடு (தமிழ்நாடு)

தனியார் பள்ளிக்கு அங்கீகாரம் மறுக்கப்பட்டாலோ, வழங்கிய அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டாலோ, அவ்வாணையை எதிர்த்து நிர்வாகம் மேற்கொள்ளும் சட்ட நடவடிக்கை அங்கீகார மேல்முறையீடு ஆகும். தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (முறைப்படுத்தல்) சட்டம், 2018 என்பது 2023இல் நடைமுறைக்கு வந்தது. 94 குழந்தைகள் இறந்த கும்பகோணம் பள்ளித் தீ விபத்துக்குப் (2004) பின் கட்டட, தீத்தடுப்புச் சான்றுகள் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன. பிணக்குகள் பலவும் இவற்றிலேயே எழுகின்றன.

எட்டாம் வகுப்பு வரையான கல்விக்குரிய கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 18ஆம் பிரிவுப்படி, பள்ளியின் தரப்பைக் கேட்காமல் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற இயலாது. மாணவர்கள் சேரவேண்டிய அருகமைப் பள்ளியையும் ஆணை குறிப்பிட வேண்டும். (பிள்ளைகளின் பெற்றோர் முதலில் பார்க்கவேண்டிய வரி இதுவே.) அதன்பின்னும் பள்ளியை நடத்தினால் ஒரு இலட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாயும் தண்டம் உண்டு. எனவே நிர்வாகங்கள் முதலில் கோருவது இடைக்காலத் தடையே.

சட்டம் குறிக்கும் மேலதிகாரியிடம் முறையிட்ட பின்னரே பொதுவாக அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை கோரப்படுகிறது. தொழிற்பேட்டைப் பகுதியான கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகள் இதற்குச் சென்னையை நாடவேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் இம்மாவட்டம் வராது. நீதிமன்றம் பெரும்பாலும் தானே அங்கீகாரம் வழங்குவதில்லை. தரப்பைக் கேட்டார்களா, காரணம் கூறினார்களா என்றே ஆராயும். ஆணை நீக்கப்பட்டாலும், மறுபரிசீலனைக்காகக் கோப்பு கல்வித்துறைக்கே திரும்புகிறது.