திராட்சைத் தோட்டம் டு பைன் காடு... சைக்கிளில் ஒரு பிரான்ஸ் பயணம்!

ஒரு மணி நேரமா பெடல் போடுறீங்க. ரெண்டு பக்கமும் பைன் மரங்கள். ரோடு ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா போகுது. எதிரே வண்டி இல்லை, ஆள் இல்லை. டர்பன்டைன் வாசனை மட்டும் மூக்கில் ஏறிக்கிட்டே இருக்கு. அடடா, இயற்கைன்னா இதுதான்னு தோணும்.

இயற்கை இல்லை பாஸ். பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் லாந்த் காடு பெரும்பாலும் மனிதன் நட்டது. சுமார் 10 லட்சம் ஹெக்டேர். மேற்கு ஐரோப்பாவில் மனிதன் உருவாக்கிய காடுகளில் இதுதான் ஆகப் பெரியது. பக்கத்திலேயே போர்டோ. உலகத்துக்கே ஒயின் ஊற்றிக் கொடுக்கும் ஊர். பிரான்ஸில் பாரிஸைத் தாண்டி ஒரு பயணம், அதுவும் சைக்கிளில் என்று யாராவது கேட்டால், இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்வேன். காரில் போனால் தோட்டம் தோட்டமாகவும் காடு காடாகவும் கடந்துவிடும். மணிக்கு 15 கி.மீ வேகத்தில் போனால்தான் ரெண்டையும் யார் உருவாக்கினது, இப்போ அதில் என்ன கரைஞ்சுகிட்டிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்.

சுமார் 250 கி.மீ. நிதானமாகப் போனால் ஆறு நாள். மலை ஏறத் தேவையில்லை. சைக்கிள் ஓட்டத் தெரியும், தினமும் நாலு மணி நேரம் சீட்டில் உட்கார முடியும் என்றால் போதும்.

முதல் 55 கி.மீ: ரயில் போன பாதை

போர்டோவில் கரோன் ஆற்றங்கரையிலிருந்து கிளம்புங்கள். ஆற்றைத் தாண்டியதும் 'ரோஜே லாபெபி' சைக்கிள் பாதை வரும். முன்பு ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் உங்களுக்கும் ஏற்றம் தெரியாது. பழைய ஸ்டேஷன்கள், ஒரு சுரங்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

லாபெபி யார்? 1937-ல் டூர் த பிரான்ஸ் ஜெயித்தவர். கியர் மாற்றும் டீரெய்லரை அந்தப் போட்டியில் முதன்முதலாக அனுமதித்தது அந்த வருடம்தான். அதுவரை கியர் மாற்றுவது என்றால் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டணும். இன்னிக்கு நீங்க கட்டைவிரலால் 'க்ளிக்' பண்றதுக்குப் பின்னாடி இவ்ளோ கதை இருக்கு.

இந்தப் பகுதிக்கு 'ஆந்த்ர தூ மேர்' என்று பெயர். 'ரெண்டு கடல்களுக்கு நடுவே' என்று அர்த்தம். கடல் எதுவும் கிடையாது. கரோன், தோர்தோன் என்ற ரெண்டு ஆறுகள்தான். கடல் அலையேற்றம் ஆற்றுக்குள் உள்ளே வரை வருவதால் இந்தப் பெயர். கிரெயோனில் காபி குடித்துவிட்டு, லா சோவ் ஊரில் வண்டியை நிறுத்துங்கள். 1079-ல் தொடங்கிய மடாலயம். கூரை போய், தூண்களும் கோபுரமும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கோபுரத்தில் ஏறினால் சுற்றிலும் திராட்சை.

அந்தப் பச்சையை உற்றுப் பாருங்கள். நடு நடுவே மொட்டையாக, பழுப்பு நிறத்தில் திட்டுகள் தெரியும். அறுவடை முடிந்த நிலம் இல்லை அது. வேரோடு பிடுங்கப்பட்ட திராட்சைத் தோட்டங்கள். பிரான்ஸிலேயே சிவப்பு ஒயின் குடிப்பது வருடா வருடம் குறைகிறது, சீன ஏற்றுமதியும் சரிந்துவிட்டது. விற்காத ஒயினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்று 2023-ல் திட்டம் அறிவித்தார்கள். கவனிக்காமல் விட்ட தோட்டங்கள் நோய் பரப்பும் என்பது அதற்குச் சொன்ன காரணம். மெடாக்கில் இருக்கும் பிரமாண்ட ஷட்டோக்களின் பாட்டில்கள் என்னவோ இன்றும் லட்சங்களில் விலை போகின்றன. அடி வாங்கியது இந்தப் பக்கத்துச் சாதாரண குடும்பங்கள்தான். ஒயின் டூர் விளம்பரங்களில் இந்தத் திட்டுகளைக் காட்ட மாட்டார்கள்.

பூஞ்சை பிடித்தால் காசு

பாதை முடியும் சோவ்த்தேர் ஊரில் ஒரு ராத்திரி. மறுநாள் சின்ன ரோடுகளில் இறங்கி, சேன் மக்கேர் என்ற பழைய மதில் ஊர் வழியாக கரோனைத் தாண்டினால் சோத்தேர்ன் வரும். இனிப்பு ஒயினுக்குப் பேர்போன ஊர்.

இங்கே நடக்கும் விஷயம் செம விநோதம். சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, சற்றே வெதுவெதுப்பான கரோனில் வந்து கலக்கிறது. இலையுதிர் காலக் காலையில் அதனால் மூடுபனி எழும். மதியம் வெயில் அடிக்கும். இந்த ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்தால் திராட்சையில் 'பொட்ரைட்டிஸ்' என்ற பூஞ்சை பிடிக்கும். மற்ற ஊர்களில் அது வந்தால் விவசாயி தலையில் கை வைப்பார். இங்கே அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். பூஞ்சை தோலைத் துளைக்க, பழத்தின் தண்ணீர் ஆவியாகி, சுருங்கிய பழத்தில் சர்க்கரை மட்டும் மிஞ்சும். எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிக்காது. அதனால் ஆட்கள் அதே வரிசைக்குத் திரும்பத் திரும்ப வந்து, பிடித்த பழத்தை மட்டும் கையால் பறிப்பார்கள். 1855-ல் போர்டோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, வெள்ளை ஒயினில் எல்லாவற்றுக்கும் மேலே தனி இடம் பெற்ற ஷட்டோ திக்கெம் இங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் போனால் பறிப்பைப் பார்க்கலாம். ஆனால் பனியில் வண்டி ஓட்டும்போது முன்னும் பின்னும் லைட் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலோ, பார்வை மறைக்கும் நேரத்திலோ ஒளிரும் ஜாக்கெட் போடணும் என்பது அங்கே சட்டம். ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படித்தான். சைக்கிள்தானே என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு கார்காரருக்கும் உங்களுக்கும் ஒன்றே. ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் மரியாதைக் குறைவு கிடையாது. தொழில்முறையில் ருசி பார்ப்பவர்களே அதைத்தான் செய்கிறார்கள். ஒயினே வேண்டாம் என்றாலும் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் 'வெலோசியோ' (இயற்பெயர் போல் த விவி, 1853-1930) தன் சீடர்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று, வண்டி ஓட்டும் நாட்களில் ஒயின், இறைச்சி, புகையிலையைத் தள்ளி வை என்பதே. அவர் சைவர். பசிக்கும் முன்பே சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்பே குடி என்பதும் அவருடைய விதிதான்.

காடு வந்த கதை

வில்லாந்த்ரோவில் மறுபடி ஒரு பழைய ரயில் தடம் பிடிபடும். மியோஸுக்கும் பாசாஸுக்கும் நடுவே போகும் சைக்கிள் பாதை. இங்கிருந்துதான் திராட்சை குறைந்து பைன் ஆரம்பிக்கும். மண்ணைப் பாருங்கள், மணல்.

இருநூறு வருடம் முன்பு இங்கே காடு குறைவு. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, கோடையில் காய்ந்துபோகும் புதர்வெளி. ஆடு மேய்ப்பவர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். சேற்றில் கால் படாது, தூரத்தில் ஆடு எங்கே என்று தெரியும், எட்டு வைத்தால் வேகமாகவும் போகலாம். பொய்க்காலில் நின்றபடியே கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்கள். ஆட்டின் எரு கம்புவகை தானிய வயலுக்குப் போகும். அதுதான் அவர்கள் சாப்பாடு.

1857-ல் மூன்றாம் நெப்போலியன் அரசு ஒரு சட்டம் போட்டது. ஊர்ப் பொதுநிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டு மரம் நடணும். முடியாவிட்டால் நிலத்தை விற்கணும். பொதுநிலம் கைமாறியது, மேய்ச்சல் போனது, மேய்ப்பர்களும் போனார்கள். வந்தது பைன் பிசின் பொருளாதாரம். மரப்பட்டையில் கீறி, கீழே சின்ன மண்சட்டி கட்டிப் பிசின் எடுப்பார்கள். கிட்டத்தட்ட நம்ம ரப்பர் தோட்ட டெக்னிக். அந்தத் தொழிலும் 1990-களோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பொய்க்கால் மட்டும் விழாக்களில் இருக்கிறது. 1891-ல் சில்வான் தோர்னோன் என்ற லாந்த்காரர் பொய்க்காலிலேயே பாரிஸிலிருந்து மாஸ்கோ வரை 58 நாட்களில் போனார். சைக்கிளில் 250 கி.மீ எல்லாம் ஒரு தூரமா!

ஓஸ்தென்ஸ் நெருங்கும்போது காடு திடீரென்று நின்றுபோகும். முழங்கால் உயரக் கன்றுகள், கரியான அடிமரங்கள், திறந்த வானம். 2022 ஜூலையில் லாந்திராஸிலும், கடலோரம் லா தெஸ்த்திலும் ஒரே நாளில் தீப்பிடித்து, ரெண்டு இடத்திலும் சேர்த்து 20,000 ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. ஆகஸ்ட்டில் மறுபடியும். ஓஸ்தென்ஸ் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே இப்போது குளிக்கும் ஏரிகள் எல்லாம் பழுப்பு நிலக்கரி தோண்டிய குழிகள்தான். மேலே தீ அணைந்த பிறகும் பூமிக்குள் இருந்த நிலக்கரி மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தது. ஒரே வகை மரம், வரிசை வரிசையாக, பிசினோடு. தீக்கு இதைவிட வசதி என்ன வேணும் என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

அதனால் கோடையில் ஒரு விஷயம் முக்கியம். தினமும் தீ அபாய நிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அபாயம் கூடிய நாட்களில் காட்டுப்பாதைகளை மூடிவிடுவார்கள். காட்டுக்குள் ஸ்டவ் பற்றவைப்பது, சிகரெட் எல்லாம் கூடவே கூடாது. அவசரத்துக்கு 112. வசந்தத்தில் இன்னொரு தொல்லை: பைன் கம்பளிப்பூச்சிகள் ரயில் மாதிரி வரிசையாக ரோட்டைக் கடக்கும். அழகாக இருக்கும், தொட்டால் ரோமம் பட்டு எரிச்சல் பின்னிவிடும். என் சாய்ஸ், மே கடைசி முதல் ஜூன், இல்லையென்றால் செப்டம்பர்.

தண்ணி, சோறு, டயர்

ஓஸ்தென்ஸுக்குத் தெற்கே ஊர்கள் தூரம் தூரமாக இருக்கும். தண்ணீர் தீர்ந்தால் எங்கே போவது? கல்லறைத் தோட்டத்துக்கு! பிரெஞ்சு கிராமங்களில் பூச்செடிக்காகக் கல்லறை வாசலில் பைப் இருக்கும். சைக்கிள்காரர்கள் பல வருடமாக பாட்டில் நிரப்பும் இடம் அதுதான். 'நோன் பொத்தாப்ல்' என்று போர்டு இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

சாப்பாட்டில்தான் நம்ம ஆட்கள் திணறுவார்கள். ஹோட்டல்களில் மதியச் சாப்பாடு 12-லிருந்து 2 வரைதான். மூன்று மணிக்குப் போய் நின்றால் ஸாரி சொல்லிவிடுவார்கள். ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் வரை பல கிராமங்களில் கடையே திறக்காது. சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். லாந்த் சமையல் என்றால் வாத்து, வாத்து, மறுபடி வாத்து. சைவர்களுக்கு பேக்கரியும் சந்தையும்தான் கதி. கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

டயர் 35 மி.மீ-க்குக் குறையாமல் இருக்கட்டும். தார்ப்பாதையைப் பைன் வேர்கள் அங்கங்கே தூக்கியிருக்கும். மேப் குறுக்குவழி காட்டுதே என்று மணல் தடத்தில் இறங்கினால் தள்ளிக்கொண்டுதான் வரணும். தங்க, ஊராட்சி நடத்தும் 'காம்பிங் முனிசிபால்' சிக்கனம். விசாவுக்குச் சென்னை வி.எஃப்.எஸ் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அப்ளை பண்ணலாம்.

ஜெர்சி தொங்கும் தேவாலயம்

மூஸ்தே, பிசோஸ் வழியாக சாப்ர் போய்ச் சேருங்கள். அங்கிருந்து சின்ன ரயிலில் ஏறினால் மார்கேஸ் என்ற திறந்தவெளி மியூசியம். காடு வருவதற்கு முந்தைய லாந்த் கிராமம் எப்படி இருந்தது என்று வீடு, ஆட்டுக்கொட்டில், மில்லோடு வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் மூன்று நாள் ஓட்டிவிட்டு இதைப் பார்ப்பதும், முதலிலேயே பார்ப்பதும் ஒன்றில்லை.

அங்கிருந்து மோன் த மார்சான். பிறகு கிழக்கே மறுபடி ஒரு பழைய ரயில் தடம். கொஞ்சம் கொஞ்சமாகப் பைன் விலகி, திராட்சை திரும்ப வரும். இந்த ஒயினைக் காய்ச்சி வடித்தால் ஆர்மன்யாக் பிராந்தி. லபஸ்தீத் தர்மன்யாக் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்து வயல்வெளியில் ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. பெயர், சைக்கிள்காரர்களின் மாதா! ஜோசப் மஸி என்ற பாதிரியார் 1959-ல் இதைச் சைக்கிள்காரர்களுக்கென்று அர்ப்பணித்தார். உள்ளே சுவரெல்லாம் வீரர்கள் கொடுத்த ஜெர்சிகள். மெர்க்ஸ், ஆன்கெத்தில் காலத்திலிருந்து நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. 1973-ல் டூர் ஜெயித்த லூயிஸ் ஒக்கான்யாவின் கல்யாணம் நடந்தது இங்கேதான்.

வருடம் முழுக்கத் திறந்திருக்காது. ஊர் டூரிஸ்ட் ஆபீஸில் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். திரும்ப மோன் த மார்சான் சுமார் 30 கி.மீ. அங்கிருந்து போர்டோவுக்கு டி.இ.ஆர் ரயில்களில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். வண்டி மாட்டும் கொக்கிகள் சிலதுதான் இருக்கும், வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலைத் தவிர்த்துவிடுங்கள்.